எந்த நிற ஸ்பூன் என்று பார்ப்பதற்கு முன்னால்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்குக் கனடாவில் மிசிசாகாவில் வேலை, போன வருடம் பழைய 18 அடி படகு ஒன்று வாங்கியிருக்கிறான், ஒன்டாரியோ ஏரியில் சால்மனுக்காகப் பல தடவை போயும் ஒன்றுகூட மாட்டவில்லை, கடையில் சொன்னதையெல்லாம் வாங்கிப் பெட்டி நிறைய லூர் (செயற்கை இரை) சேர்ந்துவிட்டது, ஜூலையில் நானும் அங்கே போகிறேன், எந்த ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்), எந்த நிறம் வாங்கினால் மீன் அடிக்கும்? கூடவே இன்னொன்று: திரும்பி வரும்போது அந்தச் சாமானை எடுத்துவந்தால் மோர்தானா அணையில் உதவுமா?

சார், நீங்கள் நிறத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஓடுகிற படகுக்குப் பின்னால் மகன் இழுத்துப்போகிற தூண்டில் மீன் இருக்கிற ஆழத்தில் ஓடுகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. பெட்டி நிறைய லூர் இருந்தும் ஒரு மீன்கூட தொடவில்லை என்றால் லூர்மேல் பழி போட எனக்கு மனசு வராது. அதனால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், முதலில் ஆழம், அப்புறம் வேகம், கடைசியாக நிறம் என்ற வரிசையில் பார்ப்போம். நான் காட்பாடிக்காரன். கனடாவில் வேலை பார்த்த காலத்தில் கோடையில் வார இறுதிகளில் மிசிசாகாவின் போர்ட் கிரெடிட் பக்கம் ஒரு சார்ட்டர் படகில் (காசு வாங்கி மீன்பிடிக்க அழைத்துப்போகும் படகு) உதவியாளாக இருந்தேன். கேப்டன் ஸ்டியரிங்கில், பின்பக்கத்தில் ராடு, வயர், வலை எல்லாம் என் பொறுப்பு. எனவே நான் சொல்வது அந்த ஏரியின் மேற்குக் கோடிக்குத்தான் நேராகப் பொருந்தும். மிச்சிகன், சுப்பீரியர் ஏரிகளில் அடிப்படை இதேதான் என்றாலும் ஆழமும் மாதமும் மாறும்.

முதலில் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஊர் அனுபவம் இங்கேதான் காலை வாரும். ஒன்டாரியோ ஏரி ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீட்டர், அதாவது வேலூரும் திருவண்ணாமலையும் ஒன்றாக இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆழமான இடத்தில் 244 மீட்டர். நம் பக்கத்துப் பெரிய ஏரியான காவேரிப்பாக்கம் நிரம்பினாலே சுமார் 30 அடிதான். காவேரிப்பாக்கத்தில் எங்கே போட்டாலும் தூண்டில் மீனின் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. ஒன்டாரியோ ஏரியில் 200 அடித் தண்ணீருக்குமேல் படகு ஓடும்போது மீன் இருக்கிற பட்டை 20 அடி கனம்கூட இருக்காது. அந்தப் பட்டைக்குக் கீழே 30 அடி தள்ளி ஓடுகிற தூண்டில் தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் வீண்தான்.

அந்தப் பட்டையை முடிவு செய்வது தண்ணீரின் வெப்பநிலை. 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஜூலை ஆகஸ்டில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும். இரண்டும் மெல்ல மெல்லக் கலப்பதில்லை. நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சரேலென்று இறங்குகிற ஒரு அடுக்கு உருவாகும், அதைத் தெர்மோக்ளைன் என்பார்கள். சினூக் சால்மன் 10 முதல் 13 டிகிரித் தண்ணீரை விரும்பும். லேக் டிரவுட் இன்னும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில், பெரும்பாலும் தரையை ஒட்டி. ரெயின்போ டிரவுட்டும் பிரவுன் டிரவுட்டும் சற்றுச் சூடான பக்கம். ரெயின்போ கரையை விட்டு வெகுதூரம் தள்ளி மேலே திரியும், பிரவுன் கரையோரமாக இருக்கும். இதெல்லாம் பல பேர் பல வருடம் அளந்து பார்த்த விஷயம், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் இதை வேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் இரை மேலே இருந்தால் சினூக்கும் சூடான தண்ணீருக்குள் ஏறிவந்து தின்றுவிட்டு இறங்கும். அதனால்தான் வெளுப்பதற்கு முன்பே படகை இறக்கச் சொல்கிறார்கள். எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஏரி பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை.

அந்த 12 டிகிரி எத்தனை அடியில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசு இருந்தால் டவுன்ரிகர் (தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி, பின்னால் விளக்குகிறேன்) குண்டுக்குமேல் மாட்டுகிற ஃபிஷ் ஹாக் மாதிரிக் கருவி ஆழத்திலுள்ள வெப்பத்தையும் வேகத்தையும் மேலே காட்டிவிடும். இல்லையென்றால் ஒலியலையால் தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டுகிற ஃபிஷ் ஃபைண்டரில் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், நடுத்தண்ணீரில் மங்கலாக ஒரு கோடு ஏரி முழுக்க ஓடும், பெரும்பாலும் அதுதான் அடுக்கு. அதற்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் இரைமீன் கும்பல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் வேலையில் பாதி முடிந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் இரவு வீட்டிலிருந்தே அமெரிக்க அரசின் கடல், வானிலை நிறுவனமான நோவாவின் கோஸ்ட்வாட்ச் தளத்தில் மேல்தண்ணீர் வெப்பப் படத்தைப் பார்த்துவிடுங்கள், அது இலவசம்.

அப்புறம் காற்று. மகன் நேற்று 70 அடியில் குளிர்ந்த தண்ணீர் இருந்தது என்று நம்பிப் போகிறான், இன்று அது 30 அடியில் இருக்கும். மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ இரண்டு நாள் விடாமல் காற்றடித்தால் டொராண்டோ, மிசிசாகா இருக்கிற வடகரையில் மேலேயுள்ள சூடான தண்ணீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைப்பக்கம் எழும்பி வரும். பூமி சுழல்வதால் காற்று தள்ளுகிற தண்ணீர் வலது பக்கமாக ஒதுங்குவதுதான் காரணம். அப்படிப்பட்ட நாளில் சின்னப் படகுக்காரனுக்கு யோகம், வெகுதூரம் போகாமலே மீன் கிடைக்கும். கிழக்குக் காற்று என்றால் நேர்மாறு, சூடான தண்ணீர் கரைப்பக்கம் குவிந்து குளிர் அடுக்கு ஆழத்துக்குப் போய்விடும். போன இரண்டு நாள் காற்று எந்தப் பக்கம் என்று எழுதி வைக்கிற பழக்கம் எந்த லூரையும்விட அதிக மீன் பிடித்துத் தரும் என்பது என் கருத்து.

ஆழம் தெரிந்தபின் தூண்டிலை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அடுத்த வேலை. டவுன்ரிகர் என்பது 10, 12 பவுண்டு குண்டை வயரில் கட்டி இறக்குகிற கைராட்டினம். குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் உங்கள் ராடின் நரம்பைப் பிடித்திருக்கும், மீன் இழுத்ததும் விட்டுவிடும். இங்கே நிறையப் பேர் ஏமாறுவது விட்ட வயரின் நீளத்தைக் காட்டுகிற கவுண்டரைப் பார்த்துத்தான். படகு முன்னே போகும்போது காற்றில் பட்டத்து நூல் சாய்வது போல வயர் பின்னால் சாயும். 30 டிகிரி சாய்ந்தால் 100 அடி வயரில் உண்மையான ஆழம் சுமார் 87 அடிதான், 45 டிகிரி என்றால் 70 அடி. கண்ணால் சாய்வைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். கிளிப்பிலிருந்து லூர் வரை எவ்வளவு நரம்பு விடுவது என்றால், ஆழத்தில் ஃபிளாஷர் (லூருக்கு முன்னால் மினுங்கிச் சுழன்று மீனை ஈர்க்கும் தட்டு) கட்டினால் 10 முதல் 20 அடி, ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆழம் குறைந்த தெளிந்த தண்ணீரில் படகு நிழலுக்கு மீன் விலகும் என்பதால் 50, 100 அடிகூட விடலாம்.

மகனிடம் டவுன்ரிகர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். டிப்சி டைவர் என்று ஒரு வட்டத் தட்டு கிடைக்கும், விலை குறைவு. தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழேயும் பக்கவாட்டிலும் போகும், அடியிலுள்ள டயலைத் திருப்பினால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கும். 100 அடி நரம்பு விட்டால் 100 அடி ஆழம் போகாது. டயல் எண்ணைப் பொறுத்து இரண்டு, மூன்று அடிக்கு ஓர் அடி என்று தோராயமாக இறங்கும், பெட்டியோடு வருகிற அட்டவணையைத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு விட்ட நரம்பின் நீளத்தைக் காட்டுகிற லைன் கவுண்டர் ரீல் கட்டாயம், இல்லாவிட்டால் மீன் அடித்த அதே இடத்துக்குத் தூண்டிலைத் திரும்ப அனுப்ப முடியாது. தொடக்கத்தில் நான்கு ராடும் நான்கு ஆழத்தில் ஓடட்டும். ஒன்றில் மீன் அடித்தால் இன்னொன்றை அதே ஆழத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள்.

வேகம் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கோடையில் சினூக்குக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல், லேக் டிரவுட்டுக்கு அதைவிட மெதுவாக 1.5 முதல் 2. ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட படகின் வேகம். கீழே 70 அடியில் வேறு நீரோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்; மேலே 2.4 என்று காட்டினாலும் லூர் தண்ணீரைக் கடக்கிற வேகம் 1.6 ஆகவோ 3.2 ஆகவோ இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லாமலே ஒரு வழி உண்டு. கிழக்கே போகும்போது மட்டும் மீன் அடித்து, திரும்பி மேற்கே வரும்போது அடிக்காமல் போனால், மேற்கே வரும்போது வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ டவுன்ரிகர் வயரின் சாய்வு கிழக்கே போனபோது இருந்த அதே அளவுக்கு வருகிற மாதிரி ஓட்டுங்கள். நேர்கோட்டில் ஓட்டுவதைவிட அகலமாக வளைத்து வளைத்து ஓட்டுவது நல்லது: வளைவில் உள்பக்கத் தூண்டில் மெதுவாகி இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகி ஏறும், எந்தப் பக்கத்தில் அடித்தது என்று பார்த்தாலே மீன் எந்த வேகத்தைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். ஆழத்துக்கு இறக்குவதற்கு முன் ஒவ்வொரு லூரையும் படகுக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள், ஸ்பூன் அசைந்து ஆட வேண்டும், பம்பரமாகச் சுற்றினால் வேகம் அதிகம்.

இப்போது நிறம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தண்ணீரில் சிவப்பு முதலில் மங்கும், சில பத்து அடியிலேயே கறுத்துவிடும், பச்சையும் நீலமும் ஆழம் வரை நிற்கும், இருட்டில் டார்ச் காட்டி மினுங்க வைக்கிற க்ளோ லூருக்கு விடியலில் மதிப்பு உண்டு. அளவும் முக்கியம். அந்த ஏரியில் சினூக்கின் சாப்பாடு பெரும்பாலும் ஏல்வைஃப் என்ற வெள்ளி நிற இரைமீன், அதனால் விரல் நீளமும் அதைவிடக் கொஞ்சம் பெரியதுமான வெள்ளி, பச்சை, நீல ஸ்பூன்களே போதும். சொல்லப்போனால் இந்தச் சினூக், கோஹோ என்ற இரண்டு சால்மன் இனங்களுமே அந்த ஏரிகளுக்கு வந்தேறிகள். ஏல்வைஃப் கட்டுக்கடங்காமல் பெருகிக் கரையெல்லாம் செத்து ஒதுங்கிய காலத்தில், 1966இல் கோஹோவையும் 1967இல் சினூக்கையும் மிச்சிகன் மாநில அரசு பசிபிக் பக்கத்திலிருந்து முட்டை கொண்டுவந்து வளர்த்து விட்டது, மற்ற ஏரிகளுக்கும் அந்த வழக்கம் பரவியது. ஒன்டாரியோ ஏரியின் சொந்தச் சால்மன் அட்லாண்டிக் இனம். அது 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அழிந்துபோய், இப்போது மறுபடி விட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள்.

சந்தேகத்துக்குரியவை என்று நான் தள்ளி வைப்பவை: இந்தக் குறிப்பிட்ட பெயருள்ள பெயின்ட்தான் அடிக்கும் என்பது, அமாவாசை பௌர்ணமிக் கணக்கு, லூரில் தெளிக்கிற வாசனை எண்ணெய். மூன்றுக்கும் சத்தியம் செய்கிற நல்ல கேப்டன்கள் இருக்கிறார்கள், மூன்றையும் சட்டை செய்யாமல் பெட்டி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபிளாஷரும் அதன் பின்னால் ஓடுகிற ஈயும் (ஃப்ளை என்கிற குஞ்சம் மாதிரி லூர்) நன்றாக வேலை செய்யும், அதில் கேள்வியில்லை. ஆனால் நடுவிலுள்ள நரம்பின் நீளம் 20 அங்குலமா 28 அங்குலமா என்று சண்டை போடுவது மழைநாளில் பொழுதுபோகத்தான்.

நீங்கள் போகும் ஜூலையில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தண்ணீர்ப் பூச்சிகள், அதாவது முள்வால் உள்ள நுண்ணிய ஓட்டுயிர்கள், நரம்பில் பிசுபிசுவென்று வெள்ளையாகத் திரண்டு ராடின் நுனி வளையத்தை அடைத்துவிடும், மீன் மாட்டிய நேரத்தில் நரம்பு உள்ளே வராது. 30 பவுண்டு தாங்குகிற தடிமனான மோனோ (ஒற்றை இழை) நரம்பில் இவை குறைவாக ஒட்டும், மெல்லிய நரம்பில் அதிகம். அரை மணிக்கு ஒருமுறை தூண்டில்களை எடுத்துப் பாருங்கள். கையளவு குட்டி மீன் மாட்டிக் கிளிப்பை விடுவிக்கப் பலமில்லாமல் இழுபட்டுக்கொண்டே வருவதும் உண்டு, அப்படி ஒன்று தொங்கினால் அந்த ராடில் வேறு எதுவும் அடிக்காது.

பெரிய சினூக் மாட்டினால் முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் நரம்பைச் சாதாரணமாக உருவிக்கொண்டு போகும். டிராக்கை (ரீலின் பிரேக்கை) நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்குமேல் இறுக்காதீர்கள், ஓடட்டும். படகை நிறுத்தவே கூடாது, நின்றால் மற்றத் தூண்டில்கள் தரைக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும், இந்த நரம்பும் தளர்ந்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நேராகப் போய்க்கொண்டே இருங்கள். வலையைத் தலைப்பக்கத்திலிருந்து கொடுங்கள், வாலைத் துரத்தினால் மீன் திரும்ப ஓடும். ஆகஸ்ட் கடைசியில் முதிர்ந்த மீன்கள் கிரெடிட், கனராஸ்கா ஆறுகளின் வாயில் கூடும். அப்போது அவை தின்பதை நிறுத்திவிடும் என்பதால் கணக்கே வேறு, பெரிய ஜே பிளக் (ஆடிக்கொண்டே ஓடும் மீன் வடிவ லூர்) மாதிரி எரிச்சலூட்டுகிற லூர்கள்தான் எடுபடும். ஏப்ரல், மே மாதங்களில் கரையோரம் ஆளுயரத் தண்ணீரில் பிரவுனும் கோஹோவும் கிடைக்கும், அது சின்னப் படகுக்கு நல்ல பருவம், மகனுக்கு அடுத்த வருடத்துக்குச் சொல்லி வையுங்கள்.

பாதுகாப்பில் விளையாட்டு வேண்டாம். நான் மேலே சொன்ன மேற்கு, தென்மேற்குக் காற்றடித்தால் ஜூலையிலேயே மேல்தண்ணீர் ஒரே இரவில் 20 டிகிரியிலிருந்து 10க்குக் கீழே இறங்கும். அதில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தும் மூச்சு திணறும். லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் காற்று அந்த ஏரியின் நீளம் முழுக்க ஓடி வந்து மேற்குக் கோடியில்தான் அலையாக மோதும், 18 அடிப் படகுக்கு அது இடமில்லை. லைசென்ஸ் விஷயம்: ஒன்டாரியோவில் குடியிருக்கும் 65 வயதுக்காரருக்கு வேண்டாம் என்பதைக் கேட்டுவிட்டு அது உங்களுக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள், நீங்கள் வெளிநாட்டிலிருந்து போகிறவர், 65ஐத் தாண்டியிருந்தாலும் வாங்க வேண்டும். மோட்டார் படகு ஓட்ட மகனிடம் அதற்கான அட்டை இருக்க வேண்டும். ஒருவருக்கு எத்தனை தூண்டில், எத்தனை மீன் என்பதை அரசு வருடாவருடம் வெளியிடும் விதித்தொகுப்பில் 20ஆம் மண்டலம் என்ற பகுதியில் பாருங்கள், அங்கேதான் ஒன்டாரியோ ஏரி வரும்.

சாப்பிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சினூக்கிலும் லேக் டிரவுட்டிலும் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு ரசாயனமும் பாதரசமும் சேர்ந்திருக்கும். எந்தப் பகுதியில், எத்தனை நீள மீனை, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே வழிகாட்டி வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. சின்னக் கோஹோ, ரெயின்போவை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது என் வழக்கம். பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு ஐஸில் புதையுங்கள், தோலும் வயிற்றுக் கொழுப்பும் நீக்குங்கள். புளிக்குழம்பு ஆசை வேண்டாம், எண்ணெய் மீன் என்பதால் கரண்டி பட்டாலே உடையும். மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் வஞ்சிரம் மறந்துபோகும்.

மோர்தானாவுக்கு இந்த முறை ஒத்துவராது. சூடான தண்ணீர், சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் வேண்டிய குளிர் அடுக்கு கிடையாது, நம் ஏரி அணைகளில் வளர்வது கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மிதவை நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிறது, மற்ற இரண்டும் பாசி, செடி, அடிமண் பக்கம். ஓடுகிற ஸ்பூனைத் துரத்துகிற குணம் மூன்றுக்கும் இல்லை. துரத்தி அடிப்பது விரால், அதுவும் கரையோரச் செடி மறைவில் இருக்கும், அதற்குப் படகும் வேண்டாம், ரப்பர் தவளையைச் செடிமேல் வீசி இழுத்தால் போதும். குத்தகைக்கு விட்ட நீர்நிலை என்றால் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் போட்டால் வாய்த்தகராறுதான் வரும். தமிழ்நாட்டில் டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரிதான், அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது, அங்கே தூண்டில் போட ஊட்டி மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதற்காக மகனின் பெட்டியிலிருந்து மிகச் சின்ன ஸ்பூன் நாலைந்து எடுத்து வந்தால் போதும். டவுன்ரிகர், குண்டு, டிப்சி எல்லாம் அங்கேயே இருக்கட்டும், ஸ்பூன்களையும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள், முள்ளைப் பார்த்தால் ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள்.